மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் விளைவு உண்டா?

சபைகளில் அடிக்கடி காதில் விழும் இரண்டு பேச்சுகள் உண்டு. தப்புச் செய்தவர் ஒருவர் மனம் திரும்பி வந்ததும், "ஆண்டவரே மன்னிச்சிட்டார், இனிமே அதைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்பார்கள். வேறொரு வீட்டில் யாராவது தீராத நோயில் படுத்துவிட்டால், "என்ன பாவம் பண்ணினாங்களோ" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.

முதல் பேச்சு, தப்புச் செய்தவரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்துவிடுகிறது. இரண்டாவது, ஒன்றும் செய்யாதவர் தலையில் பாவத்தைச் சுமத்துகிறது. பாவம், மன்னிப்பு, விளைவு இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படித் தொடர்புடையவை என்பது தெளிவாக இல்லாததால்தான் இரண்டு பேச்சும் வருகின்றன. வேதாகமம் இதில் குழப்பமே இல்லாமல் பேசுகிறது. வேதாகமத்தைப் புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்களுக்கும் புரியும்படி அதைப் பார்ப்போம்.

## அடகுக் கடையில் இருக்கும் வளையல்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் அம்மாவின் பீரோவிலிருந்து நாலு தங்க வளையலை எடுத்துக்கொண்டு போய் அடகு வைக்கிறான். வந்த பணத்தை ஆன்லைன் ரம்மியில் விட்டுவிடுகிறான். தங்கையின் கல்யாணத்துக்கென்று அம்மா வருஷக்கணக்காகச் சேர்த்த வளையல் அது. சில மாதம் கழித்து மனசு உறுத்த, அவனே அம்மாவிடம் வந்து அழுதுகொண்டே சொல்கிறான். அம்மாவும் அழுகிறாள். அப்புறம், "சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடு" என்கிறாள். மன்னித்துவிட்டாள். அது நடிப்பில்லை, உண்மையான மன்னிப்பு.

இப்போது அந்த வீட்டில் எது சரியாகிவிட்டது, எது சரியாகவில்லை என்று பாருங்கள். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே இருந்த பிளவு மூடிவிட்டது. ஆனால் வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கையின் கல்யாணம் தள்ளிப்போகிறது. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. ரம்மி ஆடிப் பழகிய கை ராத்திரியானால் போனைத் தேடுகிறது. பீரோ சாவி இனி அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காது.

வட்டி ஓடுகிறது என்பதால் அம்மா மன்னிக்கவில்லை என்று அர்த்தமா? இல்லை. அம்மா மன்னித்துவிட்டாள் என்பதால் வட்டி நின்றுவிடுமா? அதுவும் இல்லை. மன்னிப்பு இரண்டு பேருக்கு நடுவே நடப்பது. அந்தச் செயலால் வெளியே ஓடத் தொடங்கிய காரியங்கள் வேறு. அவை தம் போக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "நீ திருப்பித் தர வேண்டாம்ப்பா" என்று அம்மா சொல்லிவிட்டாலும், இழப்பு காற்றில் கரைந்துவிடாது. அதை அம்மா தன் மேல் ஏற்றுக்கொள்கிறாள். மன்னிப்புக்கு எப்போதும் ஒரு விலை உண்டு, அதை மன்னிக்கிறவர் கொடுக்கிறார். கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் சொல்கிறார்கள்.

## தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்

பாவம் என்பது கடவுளின் கட்டளையை மீறுவது மட்டுமில்லை; அவரிடமிருந்தே முகத்தைத் திருப்பிக்கொள்வது. மற்ற மனிதருக்குச் செய்யும் அநியாயமும் அதில் அடங்கும், ஏனென்றால் அந்த மனிதரும் அவருடையவர்.

பாவம் செய்தவன் கடவுளுக்கு முன் குற்றவாளியாக நிற்கிறான். அந்த நிலைக்குரிய தீர்ப்பை வேதாகமம் ஆக்கினைத்தீர்ப்பு என்கிறது. மன்னிப்பு நீக்குவது இந்தத் தீர்ப்பை.

விளைவு என்பது பாவச் செயலால் உலகத்திலும் உடம்பிலும் மனசிலும் மற்றவர் வாழ்க்கையிலும் உண்டான மாற்றம். சிட்சை என்பது கடவுள் தம் பிள்ளையைத் திருத்தக் கொடுக்கும் பயிற்சி. அது வலிக்கும், ஆனால் நோக்கம் பழிவாங்குவதில்லை. மனந்திரும்புதல் என்றால் வருத்தப்படுவதோடு நிற்காமல், போகும் திசையையே மாற்றிக்கொள்வது. கெடுத்ததைச் சரிசெய்யத் தன்னால் ஆனதைக் கொடுப்பது ஈடுசெய்தல்.

## தாவீதின் கதையில் அடுத்தடுத்த இரண்டு வசனங்கள்

இதை விளக்க வேதாகமத்தில் தாவீது ராஜாவின் கதையைவிடத் தெளிவான இடம் இல்லை. 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. படை ரப்பா என்ற பட்டணத்தை முற்றுகையிட்டிருக்க, ராஜா எருசலேமில் இருந்துவிடுகிறார். அரண்மனை உப்பரிகையிலிருந்து பத்சேபாள் என்ற பெண்ணைப் பார்க்கிறார். அவள் தன் படைவீரன் உரியாவின் மனைவி என்று தெரிந்தே அழைத்துவரச் செய்கிறார். அவள் கர்ப்பமானதும் அதை மறைக்க முயல்கிறார். முடியாமல் போகவே, உரியாவைப் போர்முனையில் விட்டுவிட்டுப் பின்வாங்கும்படி தளபதி யோவாபுக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார். உரியா சாகிறான்.

அப்புறம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். தாவீது சாக்குச் சொல்லவில்லை, "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்கிறார். நாத்தானின் பதில் உடனே வருகிறது: "நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்." இது 12:13. ஒரே மூச்சில் முழு மன்னிப்பு. பழைய ஏற்பாட்டுச் சட்டப்படி விபசாரத்துக்கும் கொலைக்கும் மரணதண்டனை. தாவீதுக்கு அது நீங்கியது.

அடுத்த வசனமே "ஆனாலும்" என்று தொடங்குகிறது. பிறந்த குழந்தை சாகும் என்கிறது. அதற்கு முன்னே, "பட்டயம் என்றைக்கும் உன் வீட்டைவிட்டு விலகாதிருக்கும்" என்றும் சொல்லியாயிற்று. மன்னிப்பும் விளைவும் ஒரே வாயிலிருந்து, அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

குழந்தை இறந்தது இந்தக் கதையில் நெஞ்சை அடைக்கும் இடம். அதை எளிதாக விளக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நாத்தானுக்கு அந்த வார்த்தை நேரடியாகக் கொடுக்கப்பட்டது. இன்று குழந்தையை இழந்து நிற்கும் தாய் தகப்பனிடம் போய் இந்த வசனத்தைக் காட்டும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

## விளைவு நடைமுறையில் எப்படி ஓடியது

மற்ற விளைவுகள் எப்படி வந்தன என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். வானத்திலிருந்து இடி விழவில்லை. ஒரு கதவு திறந்தது, அதன் வழியே அடுத்தடுத்து எல்லாம் நுழைந்தன.

முதலில் வீட்டுக்குள். தாவீதின் மகன் அம்னோன், தன் மாற்றாந்தாய் மகளான தாமாரைப் பலாத்காரம் செய்கிறான். செய்தி கேட்டு ராஜாவுக்குக் கடுங்கோபம் வந்தது என்று 13:21 சொல்கிறது. ஆனால் அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஏன் என்று வசனம் சொல்லவில்லை. வாசிக்கிற நமக்கோ ஊகிக்க முடிகிறது: அடுத்தவன் மனைவியை அழைத்துவரச் செய்த தகப்பன், எந்த வாயால் மகனைக் கண்டிப்பான்? பாவம் அவருடைய நாக்கைக் கட்டிவிட்டது. தாமாருக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் கிடைக்கவில்லை. இதில் மிகப் பெரிய காயம் பட்டவள் அவள்தான். அவள் செய்த தவறு எதுவும் இல்லை.

நியாயம் கிடைக்காத இடத்தில் பழி வளரும். தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் 2 வருஷம் காத்திருந்து அம்னோனைக் கொல்கிறான். தப்பி ஓடி 3 வருஷம் கேசூர் என்ற தேசத்தில் இருக்கிறான். திரும்பி வந்தபின்னும் 2 வருஷம் தகப்பன் முகத்தைப் பார்க்காமல் எருசலேமில் இருக்கிறான். கடைசியில் தகப்பனுக்கு எதிராகவே கலகம் செய்கிறான். அப்போது அவன் பக்கம் போனவர் அகித்தோப்பேல், ராஜாவின் மிக நெருங்கிய ஆலோசகர். 11:3-இல் பத்சேபாள் எலியாமின் மகள் என்று இருக்கிறது. 23:34-இல் எலியாம் அகித்தோப்பேலின் மகன் என்று இருக்கிறது. இரண்டு எலியாமும் ஒருவரே என்றால், அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. பல உரையாசிரியர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அப்படியானால் அவர் ஏன் விலகினார் என்று கேட்கவே தேவையில்லை.

யோவாப் விஷயம் இன்னும் கூர்மையானது. உரியாவைக் கொல்லச் சொன்ன கடிதம் யோவாபுக்குத்தான் வந்தது. ராஜாவின் ரகசியம் அவன் கையில் இருந்தது. அப்சலோமை உயிரோடு விட வேண்டும் என்று ராஜா எல்லார் காதிலும் விழும்படி கட்டளையிட்டும், யோவாப் அவனைக் குத்திக் கொன்றான். அதற்குப் பிறகும் தாவீதால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. "நான் உனக்குப் பதிலாகச் செத்தேனானால் நலமாயிருக்கும்" என்று மகனுக்காக அழத்தான் முடிந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தாவீதின் மன்னிப்பு முழுமையானது, அதில் பாதி மீதி என்று எதுவும் இல்லை. ஆனால் அவர் இழந்த தார்மீக பலமும், யோவாபின் கையில் சிக்கிய ரகசியமும், பிள்ளைகள் கண்ட முன்மாதிரியும் அவர் சங்கீதம் பாடியதால் மறைந்துவிடவில்லை. பாவத்தின் விளைவுகளில் பெரும்பகுதி இப்படித்தான், மனிதர் வழியாகவே நடக்கிறது.

## சிலுவையில் எது தீர்ந்தது, எது தீரவில்லை

"இயேசு என் பாவம் எல்லாவற்றையும் சுமந்துவிட்டார் என்றால், நான் ஏன் இன்னும் விளைவைச் சுமக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான்.

பதில் சிலுவையிலேயே இருக்கிறது. இயேசுவோடு இரண்டு குற்றவாளிகள் சிலுவையில் அறையப்பட்டார்கள். அதில் ஒருவன் மற்றவனிடம், நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், இவரோ தகாதது ஒன்றையும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, இயேசுவிடம் தன்னை நினைத்தருளக் கேட்கிறான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்கிறார் இயேசு (லூக்கா 23:43). அவனுடைய நித்திய நிலை அந்த நொடியிலேயே மாறிவிட்டது. ஆனால் ஆணிகள் கழன்று விழவில்லை. அவன் அன்றைக்கே அந்தச் சிலுவையில் செத்தான். கால் எலும்புகளையும் முறித்தார்கள் என்று யோவான் 19:32 சொல்கிறது. மன்னிக்கப்பட்டவன் என்ற நிலையோடுதான் அந்த வலியை அனுபவித்தான்.

சிலுவையில் தீர்ந்தது கடவுளுக்கு முன் நிற்கும் குற்றமும் அதற்குரிய தீர்ப்பும். ரோமர் 6:23 சொல்லும் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்ற கணக்கு அங்கே முடிந்தது. பூமியில் நடந்துவிட்ட காரியங்கள் நடந்ததாகவே நிற்கின்றன.

சபைப் பிரிவுகள் இதை ஒரே மாதிரி விளக்குவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, மன்னிப்பில் நித்திய தண்டனை நீங்குகிறது, காலத்துக்குரிய தண்டனை மீதி நிற்கலாம், செபம், தவம், அன்புச் செயல் இவற்றால் மனிதன் அதிலிருந்து தூய்மை பெறுகிறான் என்கிறது. பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் பரிகாரம் கொடுப்பது இதனால்தான். 1517-இல் மார்ட்டின் லூதர் எழுப்பிய சர்ச்சையும் இந்த இடத்தில் வெடித்ததுதான். தண்டனைக் குறைப்புக்கான பலன்கள் பணத்துக்கு விற்கப்பட்டதை அவர் எதிர்த்தார். சீர்திருத்தச் சபைகள், கிறிஸ்து முழுக் கிரயத்தையும் செலுத்திவிட்டார், மீதி நிற்பது தண்டனை இல்லை, அது சிட்சையும் இயல்பான விளைவும் மட்டுமே என்கின்றன. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பாவத்தை முக்கியமாக நோயாகப் பார்த்து, மனந்திரும்புதலைச் சிகிச்சை என்கின்றன. இந்த வேறுபாடுகள் சிறியவை இல்லை. ஆனால் திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் இவர்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

## வினையும் விதைப்பும்

"மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்ற கலாத்தியர் 6:7, வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு உடனே பிடிபடும். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கிறிஸ்தவப் போதனை புரியாமல் போய்விடும். வினைக்கொள்கையில், செய்த வினையை அனுபவித்தால்தான் அது தீரும், இந்தப் பிறவியில் தீராதது அடுத்த பிறவிக்கும் வரும். (இறையருள் வினையை அறுக்கும் என்று சைவமும் வைணவமும் பாடுவது உண்டு, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.) கிறிஸ்தவப் பார்வையில் விளைவை அனுபவிப்பதால் பாவம் தீர்வதில்லை. 10 வருஷம் கஷ்டப்பட்டேன், என் பாவம் கழிந்துவிட்டது என்று ஒரு கிறிஸ்தவர் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை வேறொருவர் ஏற்கெனவே தீர்த்துவிட்டார்.

அப்படியென்றால் மீதி இருக்கும் விளைவுக்கு என்ன பயன்? எபிரெயர் 12-ஆம் அதிகாரம், கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார் என்கிறது. தண்டனை, நடந்து முடிந்ததைப் பார்த்துக் கொடுப்பது. சிட்சை, இனி வரப்போவதைப் பார்த்துக் கொடுப்பது. வெளியே இரண்டும் ஒரே மாதிரி வலிக்கலாம். ஆனால் அதைக் கொடுக்கிறவர் இப்போது நீதிபதியாக உட்கார்ந்திருக்கவில்லை, தகப்பனாகக் கூட நிற்கிறார். கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8:1 சொல்வதை இங்கே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

## சரி, விளைவை எப்படிச் சந்திப்பது?

முதலில், பேர் வைத்து ஒத்துக்கொள்ள வேண்டும். "தெரியாம நடந்துபோச்சு", "சூழ்நிலை அப்படி" என்பதெல்லாம் அறிக்கை ஆகாது. தாவீதின் பெயரால் வழங்கும் 51-ஆம் சங்கீதம், "என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது" என்கிறது. அதில் பத்சேபாள் மேல் ஒரு பழியும் இல்லை, சூழ்நிலை மேலும் இல்லை.

அடுத்தது ஈடுசெய்தல். நம் பிரசங்கங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் விஷயம் இது என்பது என் எண்ணம். எண்ணாகமம் 5:7-இன்படி, ஒருவன் அநியாயமாக எடுத்ததை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து, இழந்தவனுக்கே கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6:5 இன்னும் ஒரு படி மேலே போய், குற்றநிவாரணபலி செலுத்தும் அதே நாளில் அதைக் கொடுக்கச் சொல்கிறது. கடவுளிடம் ஒரு வழக்கும் மனிதனிடம் ஒரு வழக்குமாகப் பிரித்துத் தள்ளிப்போட அங்கே இடமே இல்லை.

புதிய ஏற்பாட்டில் சகேயு. எரிகோவில் வரி வசூலித்துச் செல்வம் சேர்த்தவர். இயேசு அவர் வீட்டுக்குப் போனபின், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார் (லூக்கா 19:8). இங்கே வரிசையைப் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபின் இயேசு அந்த வீட்டுக்கு வரவில்லை. இயேசு வந்தார், அதனால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க மனசு வந்தது. ஈடுசெய்வது மன்னிப்பை வாங்கும் விலை இல்லை. மன்னிப்பு வந்து சேர்ந்ததன் அடையாளம். வளையலை அடகு வைத்த அந்த மகனும் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கப் போகவில்லை, வளையலை மீட்கப் போகிறான்.

மூன்றாவது, சட்டம். பாவம் குற்றமாகவும் இருந்தால், கிறிஸ்தவர் சட்டத்துக்கு முன் நிற்க மறுக்கக் கூடாது. பவுல் அப்போஸ்தலர், தான் மரணத்துக்குரிய குற்றம் செய்திருந்தால் சாகவும் மறுக்கமாட்டேன் என்று ரோம அதிகாரி பெஸ்துவிடம் சொன்னார் (அப்போஸ்தலர் 25:11). இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சபைக்குள் ஒரு குழந்தையோ ஒரு பெண்ணோ பாலியல் கொடுமைக்கு ஆளாகும்போது, "அவர் மனந்திரும்பிட்டார், போலீசுக்குப் போக வேண்டாம், சபை பேர் கெட்டுடும்" என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கிறவர்கள் மன்னிப்பு என்ற பரிசுத்தமான சொல்லை அக்கிரமத்துக்குத் திரையாக்குகிறார்கள். உண்மையாகவே மனந்திரும்பியவர் தானாகவே போய்ச் சரணடைவார். அப்படிப்பட்டவரை ஆண்டவர் மன்னிக்கலாம், நாமும் அவருக்காக ஜெபிக்கலாம். ஆனால் அவரிடம் மறுபடி ஞாயிறு பள்ளியை ஒப்படைக்கக் கூடாது.

நம்பிக்கையும் அப்படித்தான். மன்னிப்பு ஒரே வார்த்தையில் கொடுக்கப்படலாம். நம்பிக்கை நாள்பட்டுத்தான் திரும்பும், சில நேரம் முழுதாகத் திரும்பாது. பீரோ சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டால் அவள் மன்னிக்கவில்லை என்று மகன் கோபப்படுவதில் நியாயமில்லை. கணவனுக்குத் துரோகம் செய்த மனைவிக்கும், மனைவிக்குத் துரோகம் செய்த கணவனுக்கும், பணத்தில் கை வைத்த பொருளாளருக்கும் இது பொருந்தும்.

ஈடுசெய்யவே முடியாத பாவங்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர். 1748-இல் கடும் புயலில் உயிர் தப்பியபோது கடவுளிடம் திரும்பினார். அதன் பிறகும் சில வருஷம் அடிமை வியாபாரத்தில்தான் இருந்தார்; உடல்நலம் கெட்டு 1754-இல் கடல் வாழ்க்கையை விட்டார். 1764-இல் போதகர் ஆனார். நம் சபைகள் பலவற்றில் இன்றும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டின் வரிகள் அவருடையவை. அவர் கப்பலில் சங்கிலியிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களை அவரால் எப்படித் தேடிப்பிடிக்க முடியும்? செத்தவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? 1788-இல், வியாபாரத்தை விட்டு 34 வருஷம் கழித்து, தான் கண்டதையும் செய்ததையும் ஒரு சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். காலந்தாழ்ந்து வரும் அறிக்கை இது என்று அதிலேயே ஒத்துக்கொண்டார். பாராளுமன்ற விசாரணையில் சாட்சி சொன்னார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய இளம் உறுப்பினர் வில்பர்ஃபோர்சை அரசியலை விட்டு விலகாமல் இருக்கச் சொன்னார். பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடைசெய்த 1807-ஆம் ஆண்டின் கடைசியில் இறந்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு நேரடியாகக் கொடுக்க முடியாதபோது, அதே அநியாயம் இன்னொருவருக்கு நடக்காமல் தடுக்க உழைக்கலாம். அதனால் பழைய கணக்கு சமமாகிவிடாது. நியூட்டனும் சமமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளவில்லை.

## விளைவுக்கு நடுவே கிருபை

விளைவு நிற்கிறது என்றால் கடவுள் விலகி நிற்கிறார் என்று எண்ண வேண்டாம். எண்ணாகமம் 14-இல் இஸ்ரவேலர் கலகம் செய்கிறார்கள். மோசே கெஞ்ச, "உன் வார்த்தையின்படியே மன்னித்தேன்" என்கிறார் கர்த்தர். ஆனால் அந்தத் தலைமுறை கானானுக்குள் போகாது, வனாந்தரத்தில் 40 வருஷம் என்றும் சொல்கிறார். அந்த 40 வருஷமும் வானத்திலிருந்து வந்த உணவான மன்னா நிற்கவில்லை. வழிகாட்டிய மேகஸ்தம்பமும் அவர்களைவிட்டு விலகவில்லை.

தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் பிறகு சாலொமோன் பிறக்கிறான். கர்த்தர் அவனிடத்தில் அன்பாயிருந்தார் என்று வசனம் சொல்கிறது. அந்த வம்சத்தில்தான் இயேசு வருகிறார். ஆனால் மத்தேயு முதலாம் அதிகாரத்தில் வம்ச வரலாற்றை எழுதும்போது பத்சேபாள் என்று எழுதவில்லை, "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்றே எழுதியிருக்கிறது. 2 சாமுவேல் 23-இல் தாவீதின் பராக்கிரமசாலிகள் 37 பேரின் பட்டியல் முடியும் இடத்திலும் உரியாவின் பெயர்தான் இருக்கிறது. ராஜாவை மன்னித்த கடவுள், கொல்லப்பட்டவனின் பெயரை அழித்துவிடவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டுக் கொடுக்கப்படும் மன்னிப்பு இல்லை இது.

## எல்லாத் துன்பமும் பாவத்தின் விளைவா?

இல்லை. இதை இயேசுவே நேரடியாகச் சொல்லியிருக்கிறார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, "அப்படியல்ல" என்றார் (லூக்கா 13). பாவம் விளைவைக் கொண்டுவரும் என்பது உண்மை. அதற்காக, விளைவு போலத் தெரியும் ஒவ்வொன்றையும் வைத்து ஒரு பாவத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. குற்றமில்லாமலே துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள். கடைசியில் கர்த்தரின் கோபம் அவர்கள் மேல் வந்தது, யோபுதான் அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

பரம்பரை சாபம் என்ற பேச்சையும் இங்கே தொட வேண்டும். பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்று யாத்திராகமம் 20:5-இல் உண்டு. மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20-இலும் உண்டு. குற்றமும் விளைவும் வேறு என்று புரிந்தால் முரண்பாடு பெரிதும் விலகும். குடிகார அப்பாவால் பிள்ளையின் படிப்பும் மனசும் கெடலாம், அது விளைவு. அப்பாவின் குற்றம் பிள்ளையின் மேல் ஏறாது. ஆகவே, உன் தாத்தா செய்த பாவத்தால் உனக்குக் கல்யாணம் தடைபடுகிறது, சாபத்தை முறிக்கக் காணிக்கை கொடு என்று யாராவது சொன்னால், தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

## குற்ற உணர்வு போகவே இல்லையென்றால்

அறிக்கையிட்டாயிற்று, முடிந்த அளவு ஈடும் செய்தாயிற்று, ஆனாலும் மனசு அடங்கவில்லை என்று பலர் தவிக்கிறார்கள். பவுல் 2 கொரிந்தியர் 7:10-இல் இரண்டு துக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறார்: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்குகிறது. இயேசுவின் சீஷர்களான பேதுருவும் யூதாசும் ஒரே ராத்திரியில் அவருக்குத் துரோகம் செய்தார்கள்: பேதுரு அவரைத் தெரியாது என்றான், யூதாஸ் காசுக்குக் காட்டிக்கொடுத்தான். இரண்டு பேரும் மனசு உடைந்தார்கள். யூதாஸ் 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கக்கூடச் செய்தான். ஆனால் அதை ஆசாரியர்களிடம் கொண்டுபோனான், இயேசுவிடம் வரவில்லை. தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொண்டான். பேதுரு அழுதான், மற்ற சீஷர்களோடேயே இருந்தான், உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கூப்பிட்டபோது அவரிடம் போனான்.

ஆகவே, கடவுள் மன்னித்ததை நான் மன்னிக்க மாட்டேன் என்று தன்னையே வருஷக்கணக்காகத் தண்டித்துக்கொள்வது தாழ்மையாகத் தெரிந்தாலும், சிலுவை போதவில்லை என்று சொல்வதாகத்தான் முடியும். 1 யோவான் 1:9, நாம் அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்கிறது. அவருக்கு அன்றைக்கு என்ன மனநிலை என்பதைப் பொறுத்ததில்லை அது. அந்த வசனத்தைத் தனியாக வைத்துக்கொண்டு போராட வேண்டாம். யாக்கோபு 5:16 சொல்வதுபோல, ரகசியம் காக்கத் தெரிந்த ஒரு போதகரிடமோ குருவானவரிடமோ, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லி, அவர் உங்களுக்காக ஜெபிப்பதைக் காதால் கேளுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்காக இருந்தால் டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.